ஒரு பட்டனுக்கு 90 நியூட்டன்

திருப்பூரில் பனியன் தைப்பது சுலபம். அதில் ஒரு பிரஸ் பட்டன் வைப்பதுதான் பெரும்பாடு. குழந்தைச் சட்டை என்றால் சோதனையில் 90 நியூட்டன் விசையில் இழுத்தாலும் பட்டன் பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. கிட்டத்தட்ட 9 கிலோ. சட்டைக்குள் இருக்கப்போகிறவரின் எடையே அவ்வளவுதான்! நிக்கல் கசியக்கூடாது, ஊசி தேடும் மிஷினைக் கத்தவைக்கக்கூடாது. ஏழு வயதுக்குட்பட்டோரின் சட்டையோடு சேர்ந்த தொப்பியில் நாடாவே கூடாது என்கிறது ஐரோப்பியத் தரவிதி. பட்டனின் அளவோ ‘லைன்’ கணக்கு: 40 லைன் ஓர் அங்குலம். ஏன் 40 என்று கேட்டால் மாஸ்டர் முறைப்பார்.

இதெல்லாம் பழகிவிட்டது. இந்த சீசனில் வாங்குகிற பையருக்குச் சட்டையின் நெஞ்சில் நட்சத்திரம் மின்ன வேண்டுமாம். வெள்ளி பூசிய நூலால் எல்ஈடியைத் தைத்தோம். இரண்டு நூல் தொட்டுக்கொண்டதும் நட்சத்திரம் அணைந்தது. காசு பேட்டரியைப் பிள்ளை விழுங்கிவிடக்கூடாதென்று பெட்டிக்குத் திருகாணி போட்டோம். இப்போது பெற்றவர்களாலும் திறக்க முடியவில்லை. துவைக்குமுன் பேட்டரியைக் கழற்றச் சொல்லி லேபிளில் ஆறு மொழிகளில் அச்சடித்திருக்கிறோம். கழுத்தில் குத்துகிறதென்று வீட்டுக்கு வந்ததும் முதலில் கத்தரிக்கிறார்களே, அதே லேபிளில்தான்.