ஐந்து காப்பியங்களும் ஒரு கீரைப் பாத்தியும்

பண்ணையிலிருந்து ஐந்து கோழிகளை மீட்டு வந்திருக்கிறேன் என்று நான் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் பாக்கி இல்லை. மீட்ட விதத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தராசில் போட்டு, கிலோவுக்கு ஐந்து ரூபாயாவது குறைத்தால்தான் ஆச்சு என்று மல்லுக்கட்டி வாங்கினேன். "கறிக்குத்தானுங்களே, சரி எடுத்துக்குங்க" என்று வியாபாரி இறங்கி வந்தார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். வளர்க்க என்று சொன்னால் விலையை ஏற்றிவிடுவாரோ என்ற பயம்.

நாமக்கல் மாவட்டத்துக்காரனுக்குக் கோழி ஒன்றும் அதிசயமில்லை. பஸ்ஸில் எந்தப் பக்கம் போனாலும் நீள நீளமான கொட்டகைகள். காலைப் பேப்பரில் முட்டை விலைக்குப் பக்கத்திலேயே முட்டைக்கோழி விலை என்று ஒரு வரி வரும். வருஷத்துக்கு 300 முட்டை வரை இட்டுக் கொடுத்து, ஒன்றரை வயதைத் தாண்டி முட்டை குறைந்ததும் கறிக்குப் போகிற வெள்ளை லெகார்ன் கோழியின் விலை அது. தங்கம் என்ன விலை என்று பார்க்கும் அவசரத்தில் அந்த வரியை இத்தனை வருஷமும் தாண்டிப் போனவன்தான் நான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் படிக்க நேரம் கிடைத்தது. வினை அங்கே ஆரம்பித்தது. கூண்டில் ஒரு கோழிக்கு ஏ4 தாள் அளவு இடம்கூடக் கிடையாது என்று படித்தேன். அந்த மாதிரி வெறுங்கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் நிறுத்திவிட்டது, நம் சட்ட ஆணையமும் 2017-இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே கொடுத்தது என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை அப்படியே பக்கத்து வீட்டு ஆத்தாவிடம் ஒப்பித்தேன். வெற்றிலையை மென்றபடி முழுக்கக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் சரி கண்ணு, ராத்திரிக்கு இதுக எங்க அடையும்?" என்றார். அதை மட்டும் நான் படித்திருக்கவில்லை.

பெயர் வைப்பதில் குறை வைக்கவில்லை. ஐந்து கோழி, ஐம்பெருங்காப்பியம்: சிலம்பு, மேகலை, சிந்தாமணி, வளையாபதி, குண்டலகேசி. ஐந்தும் ஒரே வெள்ளை, ஒரே உயரம். எது எது என்று தெரிய காலில் ஆளுக்கொரு கலரில் நூல் கட்டினேன். சிவப்பில் தொடங்கி எல்லா நூலையும் ஒன்றுக்கொன்று கொத்தியே அவிழ்த்துவிட்டன. அதற்குப் பிறகு எனக்கு முன்னால் நிற்பது சிலம்பா, மேகலையா என்பது வந்தவர்களிடம் நான் அடித்துவிடுகிற கதைதான்.

தோட்டத்தில் திறந்துவிடும் நிகழ்ச்சியை வீடியோ எடுக்கத் திட்டம். செம்பருத்தித் தொட்டி மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, "இவர்கள் முதன்முறையாக மண்ணை மிதிக்கிறார்கள்" என்று இரண்டு வரி பேசிவிட்டு, பிளாஸ்டிக் கிரேட்டின் மூடியைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கிரேட்டைப் பக்கவாட்டில் சாய்த்தேன். உள்ளேயே சாய்ந்துகொண்டன. கடைசியில் கிரேட்டைத் தூக்கிவிட்டேன். ஐந்தும் அந்தக் கிரேட் இருந்த இடத்திலேயே, அதே நெருக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியபடி நின்றன. சுற்றிலும் இருபது சென்ட் தோட்டம். அந்த வீடியோவில் கோழி நகரவே இல்லை. குனிந்து குனிந்து "போம்மா… போடா கண்ணு… போயேன்" என்று கெஞ்சுகிற ஒரு வழுக்கைத் தலைதான் நெடுநேரம் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகள் அதைத் தன் தோழிகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள்.

ஆனால் ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெளுத்துப்போன கொண்டை ஒரு கண்ணை மூடித் தொங்குகிறது. கம்பியிலேயே நின்ற காலில் தேயாத நகம் நீண்டு வளைந்திருக்கிறது. அந்தக் கால் அருகம்புல் மேல் பட்டதும் சட்டென்று மேலே போனது. விரல்களை மடக்கி, அந்தரத்தில் வைத்திருந்து, திரும்ப அதே இடத்தில் மெதுவாக வைத்தது. மறுபடி தூக்கியது. கொண்டை மறைக்காத கண்ணால் புல்லை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தது. ஏதோ நான் செய்துவிட்ட மாதிரி.

விருந்து வைத்ததிலும் கோட்டை விட்டேன். மண்சட்டியில் தண்ணீரும், தரையில் கைநிறையக் கம்பும். சட்டிப் பக்கம் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. அது தண்ணீர் என்பதே தெரிந்திருக்காது. கூண்டில் குழாயில் தொங்கும் நிப்பிளைக் கொத்தித்தான் குடித்துப் பழக்கம். பிறகு பார்த்தால், வாஷர் போய்ச் சொட்டுகிற தோட்டத்துக் குழாயடியில் கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசை. அந்தக் குழாயைச் சரிபண்ணச் சொல்லி வீட்டில் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. என் சோம்பேறித்தனம் ஒன்றுதான் அன்றைக்கு அதுகளுக்கு உதவியது. கம்பை மட்டும் கொத்திக் கொத்தி விட்டுவிட்டன. பசியில்லை போல என்றேன். ஆத்தா ஒன்றைப் பிடித்து அக்குளில் இடுக்கி வாயைக் காட்டினார். குஞ்சிலேயே மேல் அலகின் நுனியைச் சுட்டு வெட்டியிருந்ததால் கீழ் அலகு நீட்டிக்கொண்டிருந்தது. ஒற்றை மணியை இடுக்கிப் பிடிக்க முடியாது. மாவுத் தீவனமென்றால் அள்ளிக்கொள்ளும். அலகு வெட்டுவதைப் பற்றித்தான் முந்தின வாரம் ஆத்தாவுக்கு நான் விரிவாக எடுத்துச் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு அவை ஓடியது ஒரே தடவை. தலைக்கு மேல் ஒரு காக்கை தாழப் பறந்தது. ஐந்தும் பறந்தடித்து வந்து என் வேட்டிக்குள் நுழையப் பார்த்தன. வீரமாக நின்றேன் என்று எழுதலாம். அலறிக்கொண்டு திண்ணையில் ஏறிவிட்டேன் என்பதற்கு ஆத்தா சாட்சி.

பொழுது சாய்ந்தது. ஆத்தாவின் நாட்டுக்கோழிகள் யாரும் சொல்லாமலே போய் முருங்கைக் கிளையில் ஒன்றும் பஞ்சாரத்தில் நான்குமாக அடைந்துவிட்டன. என் காப்பியங்கள் வாசல் எல்இடி பல்புக்குக் கீழே கூடிக்கொண்டன. முட்டைக் கொட்டகையில் இருட்டினாலும் விளக்குப் போட்டு, நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் காட்டுவார்கள். அடைவது என்ற பழக்கத்துக்கே அங்கே வேலை இல்லை. துண்டை விரித்து வளைத்தேன். செல்போன் டார்ச் அடித்தேன். வெளிச்சம் போகிற பக்கமெல்லாம் அவையும் போயின. வளையாபதியும் குண்டலகேசியும் அந்த நூல்களைப் போலவே அகப்படவில்லை. கேட்டுக்கு வெளியே நான்கு பேர் நின்று யோசனை சொல்லத் தொடங்கியபோது, மதில்மேல் தலை நீட்டி ஆத்தா சொன்னார்: "லைட்ட அணைச்சுப் போடு கண்ணு." அணைத்தேன். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டன. சந்தையில் சுரைக்காய் எடுப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்து வந்தேன்.

இவ்வளவும் சொன்னவன் அடுத்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வெயிலேறிய ஒரு காலையில் ஒரு கோழி தரையில் ஒருக்களித்து விழுந்து, கண் செருகி, காலை உதறி, இறக்கையைப் படபடவென்று அடித்தது. வலிப்பு என்று முடிவு பண்ணி ஒரு சொம்பு தண்ணீரை அதன் தலையில் ஊற்றி, ஈரக்கோழியும் ஈரவேட்டியுமாகக் கால்நடை மருந்தகத்துக்கு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆத்தா சிரித்த சிரிப்பு ஸ்கூட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அது மண்ணில் குளித்துக்கொண்டிருந்ததாம். பேன் போவதற்கு, இறகு எண்ணெய்ப் பிசுக்கு விட்டுச் சீராவதற்கு. பிறந்ததிலிருந்து மண்ணையே பார்க்காத கோழிக்கு அது யாரும் சொல்லிக் கொடுக்காமலே வந்திருக்கிறது. குளிக்க அது தேடிப் பிடித்த பொடிமண் என் மனைவி அப்போதுதான் விதைத்திருந்த சிறுகீரைப் பாத்தி. "கோழி பூச்சியத்தான் தின்னும், கீரையத் தொடாதுன்னீங்களே?" என்றாள். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. சீய்க்கக் கற்றுக்கொண்ட வேகத்தில் சிறுகீரை, கொத்தமல்லி, தக்காளி நாற்று என்று வரிசையாகத் துவம்சம். இப்போது அவள் அவற்றை "உங்க இலக்கியம்" என்றுதான் சொல்கிறாள்.

என் கணக்கில் பெரிய தப்பு தீவனம். கொட்டகைத் தீவனம் செயற்கை, இனி இயற்கைதான் என்று பழைய சோறும் காய்கறித் தோலும் போட்டேன். சில நாளில் தோல்முட்டை வந்தது. ஓடே இல்லாமல், கையில் எடுத்தால் வெதுவெதுவென்று தொங்குகிற ஒரு பை. ஓடு முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. தினமும் முட்டையிடுகிற கோழி தீவனத்தில் கிடைக்காததைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும். கூண்டில் இருந்தவரை யாரோ ஒருவர் கணக்குப் பார்த்துக் கிளிஞ்சல் கலந்து போட்டிருக்கிறார். விடுதலை வாங்கிக் கொடுத்த நான் முந்தாநாள் ரசஞ்சோறு போட்டிருக்கிறேன். அன்றே போய் அந்தச் செயற்கைத் தீவனத்தில் ஒரு மூட்டை வாங்கி வந்தேன். பண்ணைக்காரர்களைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த காரசாரமான கட்டுரை இன்னும் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதில் சொன்னது எதுவும் பொய்யில்லை. சொல்கிற ஆள்தான் கொஞ்சம் இடிக்கிறது.

ஓடு கெட்டிப்பட்டு முட்டை சீரான நேரத்தில் ஐந்தும் இறகு உதிர்க்கத் தொடங்கின. அந்தக் காலத்தில் கோழி முட்டை வைக்காது. இப்போது தோட்டமெல்லாம் வெள்ளைச் சிறகு. பாதி மொட்டையாகக் கறிவேப்பிலை அடியில் சீய்த்துக்கொண்டு, என்னைக் கண்டால் தீவன டப்பாவுக்காக ஓடி வருகின்றன. நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று மகன் வந்திருந்தான். ஆம்லெட் கேட்டான். முக்குக் கடைக்குப் போய் ஆறு முட்டை கேட்டேன். கடைக்காரத் தம்பி அட்டையிலிருந்து எடுத்துக்கொண்டே, "ஏனுங்க சார், உங்க வீட்லதான் கோழி இருக்குதே?" என்றார். அது நாட்டு முட்டையாட்டம் மஞ்சளாக இருக்கும், பையனுக்குப் பிடிக்காது என்றேன். இன்னும் நான்கு சேர்த்துப் போடச் சொன்னேன்.