நன்றியுரையில் இல்லாத பெயர்

1990களில் நாங்கள் எழுதிய ஆய்வேடுகளில் நன்றியுரை என்று ஒரு பக்கம் இருக்கும். நெறியாளர், துறைத்தலைவர், நூலகர், பெற்றோர் எல்லோரும் வந்த பிறகு, கடைசி வரியில் தட்டச்சு செய்து தந்தவருக்கும் ஓரிடம் உண்டு. என்னுடையதில் இருப்பவர் ஆவடியில் கடை வைத்திருந்தார். என் ஆங்கிலத்தில் ஒருமை பன்மை தடுமாறினால் அவரே சரிசெய்துவிடுவார். அது என் நெறியாளருக்கும் தெரியும். வெள்ளானூரில் பஸ் ஏறி ஆவடி, அங்கிருந்து மின்ரயிலில் சென்ட்ரல், பிறகு எழும்பூர் கன்னிமாரா நூலகம் என்று அலைந்து சேர்த்த குறிப்புகள் என்னுடையவை. மெருகு அவருடையது. அப்படித்தான் எல்லோரும் பட்டம் வாங்கினோம்.

இன்று எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஆய்வு மாணவர்களுக்கு அந்தக் கடைக்காரர் கைப்பேசியிலேயே கிடைக்கிறார். சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வந்தது. அதைத் தொடாத மாணவர் ஒருவரையும் இங்கே நான் பார்க்கவில்லை. வெளியே சொல்லும் மாணவரையும் பார்க்கவில்லை.

"நன்றியுரையில ஒரு வரி போடலாமேப்பா?" என்று ஒரு மாணவரிடம் கேட்டேன்.

"ஐயோ சார், கைடு பார்த்தா மொத்தமும் அதுதான் எழுதிச்சுன்னு முடிவு பண்ணிடுவாரு."

அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி, பிற நூல்களோடு 10 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் தண்டிக்கிறது. இயந்திரமோ புதுப் புது வாக்கியம் எழுதுகிறது; அந்த வலையில் சிக்காது. அதனால் இயந்திர எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் வந்தன. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபெல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அவற்றிடம் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று பதில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ தன் சொந்தக் கண்டுபிடிப்பானையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, தெரிந்த சொற்களை வைத்துக் கவனமாக ஆங்கிலம் எழுதும் பெண்ணைத்தான் இந்தக் கருவி முதலில் சந்தேகப்படும். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஆனால் கன்னிமாராவுக்குப் போகும் வேலையையும் சாட்ஜிபிடியிடம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண் எல்லாம் பொருத்தமாக எழுதித் தரும். தேடிப் போனால் அப்படியொரு கட்டுரையே இருக்காது. நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. படிக்காத கட்டுரையைப் பற்றி வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்வி வந்தாலும் அந்த மாணவர் என்ன சொல்வார்?

மெருகேற்றுவது, குறிப்பு தேடுவது என்ற இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துச் சொல்ல வேண்டியவர்கள் நெறியாளர்கள். இயந்திரத்தை ஆசிரியராக ஏற்க மாட்டோம், பயன்படுத்தியிருந்தால் ஆய்வுமுறைப் பகுதியில் எழுதுங்கள் என்று நேச்சர் இதழ் 2023 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. நம் நெறியாளர்களும் முதல் சந்திப்பிலேயே, "எதுக்குப் பயன்படுத்துற, சொல்லும்மா" என்று கேட்கட்டும். அந்தப் பதிலுக்கு ஆய்வேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கட்டும்.