தலைப்புக்குள்ளயும் நாலு பேர்தான்

வா தாயி, திண்ணையில உக்காரு. ஃபேன் கிடையாது, வேப்பமரத்துக் காத்து வரும். மதுரையில பெரிய படிப்புப் படிக்கிற புள்ள, ஆராய்ச்சித் தலைப்பு நல்லாருக்கான்னு எட்டாங்கிளாஸோட நின்னுபோன என்கிட்ட கேக்க வந்திருக்கேன்னா, அங்க எத்தனை பேர்கிட்ட கேட்டு அலுத்திருக்கணும்! சரி, படி. கேப்போம்.

"தமிழகத் தொழிற்சங்க இயக்கத்தின் தோற்றமும் வளர்ச்சியும் நெருக்கடியும் எதிர்காலமும்."

அடேயப்பா! முதல்ல கொஞ்சம் தண்ணி குடி. தோற்றத்தை எழுதலாம், அது நடந்து முடிஞ்ச கதை. நெருக்கடியையும் எழுதலாம், கண்ணு முன்னாலேயே நடக்குது. எதிர்காலத்தை எப்படித் தாயி எழுதுவ? அதுக்கு இந்த ஊருக்கு வாரவாரம் ஒருத்தர் கிளிக்கூண்டோட வாராரு. பாவம், அவர் பொழப்புல மண்ணைப் போட்டுறாத.

முதல் அத்தியாயம் என்ன வச்சிருக்க? சிகாகோவா, 1886? நல்லது. அடுத்தது 1908 தூத்துக்குடி கோரல் மில்லு, வ.உ.சி., சுப்பிரமணிய சிவா. அதுக்கப்புறம் 1918ல சென்னைத் தொழிலாளர் சங்கம், பி.பி. வாடியா, திரு.வி.க. பிறகு 1923ல சிங்காரவேலர் நடத்துன மே தினம். எல்லாமே மணியான சேதிதான், ஒண்ணுகூடக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா சிகாகோவுல கிளம்புற நீ பட்டாசு ஊரான இந்தத் தாயில்பட்டிக்கு வந்து சேர்றதுக்குள்ள ஒன் உதவித்தொகை தீர்ந்துரும். கடைசியில எங்களுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்குவ. அதையும் பேப்பர்ல வந்த வெடிவிபத்துச் செய்தியை வச்சு ரொப்புவ.

விவரமானவுக எப்படிச் செஞ்சாகன்னு சொல்றேன். தூத்துக்குடியில ஆ. சிவசுப்பிரமணியன் இருக்காரே, அவரு கோரல் மில் வேலைநிறுத்தத்தை மட்டும் எடுத்துத் தனிப் புத்தகமே போட்டாரு. அந்த வேலைநிறுத்தம் நடந்தது ஒம்பது நாளு. வீரராகவன்னு இன்னொருத்தரு, கண் பார்வை இல்லாதவரு, சென்னை ஐ.ஐ.டி.யில ஆராய்ச்சி பண்ணினாரு. சென்னைப் பட்டணமும் சுத்துவட்டாரமும், 1918லேருந்து 1939 வரைக்கும். கோயம்புத்தூர் மில்லுப் பக்கமெல்லாம் அவர் தலை வைக்கல. அவர் காலமான பிறகு, 2013ல அது இங்கிலீசுப் புத்தகமா வந்துச்சு, தமிழ்லயும் இருக்கு. நம்ம சங்க ஆபீஸ் அலமாரியிலயும் ஒண்ணு கிடக்கு. அதை முழுசாப் படிச்சது நான் ஒருத்தன்தான், கரையானையும் சேத்தா ரெண்டு பேரு.

இப்ப நம்ம ஊரு விதி ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. பட்டாசு ஆலையில மருந்து அடைக்கிற அறைக்குள்ள நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாது. அஞ்சாவது ஆளு சும்மா வம்பு பேச வந்தாலும் தப்புதான். ஒன் தலைப்பும் அந்த அறைதான் தாயி. எந்த ஊரு, எந்த வருசம், எந்தத் தொழிலாளி, எந்தச் சண்டை: இந்த நாலு பேருக்குத்தான் அதுல இடம். நீ என்னடான்னா சிங்காரவேலர்லேருந்து கிளி சோசியர் வரைக்கும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருக்க.

ஊரைப் பாப்போம். விருதுநகர் மாவட்டம்னு போட்டாச் சின்னதாயிரும்னு நினைக்காத. ராஜபாளையத்துல நூல் மில்லு, சிவகாசியில அச்சாபீசு, சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி, எல்லாம் வந்து ஏறிக்கும். வெம்பக்கோட்டை ஒன்றியம் போதும். இங்கதான விஜயகரிசல்குளத்துல குழி தோண்டி சங்கு வளையலெல்லாம் எடுத்தாக? அந்தக் காலத்துப் பொம்பள கையில என்ன போட்டிருந்தான்னு கண்டுபிடிச்சாச்சு. இந்தக் காலத்துப் பொம்பளைக்கு யாரு முதலாளின்னுதான் இன்னும் எவனும் தோண்டிப் பாக்கல.

தொழிலாளி யாரு? "பட்டாசுத் தொழிலாளர்"னு பொத்தாம் பொதுவா எழுதினா ஊரே சிரிக்கும். மருந்து கலக்குறவன் வேற, மணிமருந்து வேலை பாக்கிறவன் வேற, பேன்சி ரகத்துக்குப் போறவன் வேற. சரவெடி பின்னுற பொம்பளைக கணக்கு தனி. விடியமுன்ன கம்பெனி பஸ் ஏறுறவுக ஒரு வகை, வீட்டுக்குள்ளயே கள்ளத்தனமா மருந்தோட மல்லுக்கட்டுறவுக இன்னொரு வகை. இதுல எட்டு லட்சம் பேருன்னு ஒரு கணக்கு எல்லார் வாயிலயும் வரும். மேடையில சங்கமும் சொல்லும், கோர்ட்டுல முதலாளியும் சொல்லுவாரு. ரெண்டு பேரும் ஒத்துப்போற விசயம் அது ஒண்ணுதான்! எண்ணினது யாருன்னு மட்டும் கேட்டுறாத. கேட்டு எழுதினீனா அதுவே தனி அத்தியாயம். கேக்காம எழுதினா அது உப்புமா.

ஒரு சங்கக் கூட்டத்துக்குப் போ. மைக்குக்கு முன்னால எத்தனை ஆம்பள, தரையில எத்தனை பொம்பளன்னு எண்ணு. அலுமினியப் பவுடர் முழங்கை வரைக்கும் வெள்ளியாட்டம் மின்ன, வேலை முடிஞ்ச கையோட வந்து உக்காந்திருப்பாக. தலைவர் பேசி முடிக்கங்குள்ள பாதிப் பேரு உலை வைக்க எந்திரிச்சுப் போயிருப்பாக. "பெண்கள் பங்கேற்பு குறைவு"ன்னு டபக்குனு எழுதிராத. கூட்டத்தை எத்தனை மணிக்கு வச்சாகன்னு முதல்ல எழுது.

வருசம்? இதுக்கு நாட்டுல தேதியாப் பஞ்சம்? 2018 அக்டோபர் 23ல சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்துச்சு. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, தீபாவளிக்கு ராத்திரி எட்டு மணியிலருந்து பத்து மணி வரைக்கும்தான் வெடின்னாக. தீபாவளி போச்சு, முதலாளிமாரு ஆலையைத் திறக்கல. மாசக்கணக்குல பூட்டு. கலெக்டர் ஆபீசுக்கு முதலாளியும் போனாரு, தொழிலாளியும் போனோம். பூட்டினவரைப் பாத்துத் "திற"ன்னு கேக்கிறதா, டெல்லியைப் பாத்துக் கேக்கிறதா? வருசமெல்லாம் கோசம் போட்டுப் பழகினவனுக்கே அன்னிக்கு நாக்கு குழறுச்சு. எதிரும் புதிருமா நின்ன ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்ன அந்தச் சில மாசம் போதாதா, ஒரு படிப்பு முடிக்க? டான்ஃபாமான்னு முதலாளிமாருக்குச் சங்கம் இருக்கே, ஒன் தலைப்புல அது எங்க? சங்கம்னா இல்லாதவன் மட்டுந்தான் வைப்பான்னு நினைச்சியோ? அவுகளுக்கு ஒத்துமையின் அருமை நம்மளவிட நல்லாத் தெரியும்.

எங்க முடிக்கிறதுன்னு கேக்கிறியா? 1926 தொழிற்சங்கச் சட்டம் புதுச் சட்டத் தொகுப்புக்குள்ள கரைஞ்சுபோச்சு. 2025 நவம்பர் 21லேருந்து அதை நடைமுறைக்குக் கொண்டாந்துட்டாக. நீ அதுக்கு முந்தியே கோடு போட்டு நிறுத்திக்கோ. இல்லேன்னா அவுக திருத்தத் திருத்த நீயும் திருத்திக்கிட்டே கிடப்ப.

கடைசி ஆளு, சண்டை. கூலிச் சண்டை, போனஸ் சண்டை, நிவாரணச் சண்டைன்னு நிறைய இருக்கு. எல்லாத்துக்கும் அடியில கிடக்கிற வேரு ஒண்ணு. அதுக்குப் பேரு உள்குத்தகை. லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல இருக்கும். அதைக் குடுக்கிறதே நாக்பூர்ல ஒரு ஆபீசு, சென்னையில ஒரு ஆபீசு, மாவட்டத்துல ஒரு ஆபீசு. லைசென்ஸ்காரரு ஆலையை இன்னொருத்தருக்கு விடுவாரு. அவரு அறை அறையாப் பிரிச்சு நாலஞ்சு பேருக்கு விடுவாரு. நாலு பேர் உக்கார வேண்டிய அறைக்கு வெளிய மரத்தடியிலயும் ஆளு உக்காந்திருக்கும். 2012 செப்டம்பர் 5ல முதலிப்பட்டி ஆலை வெடிச்சுச்சு, 2021 பிப்ரவரி 12ல அச்சங்குளம் ஆலை. ரெண்டுலயும் பிணத்தை எண்ணி முடிச்ச பிறகுதான் உள்குத்தகை பேச்சு வெளிய வந்துச்சு. இதுல நான் கேலி பேச ஒண்ணுமில்ல தாயி.

இப்ப யோசி. கோரல் மில்லுக்காரனுக்கு மில்லு முதலாளி யாருன்னு தெரியும். பெரம்பூர் பி அண்டு சி மில்லுக்காரனுக்கும் தெரியும். பேரைச் சொல்லித் திட்டலாம், வாசல்ல போய் நிக்கலாம். இங்க சனிக்கிழமை சம்பளம் குடுக்கிறவன் ஒருத்தன், சரக்கை எடுத்துட்டுப் போறவன் ஒருத்தன், லைசென்ஸ்ல போட்டோ ஒட்டியிருக்கிறவன் ஒருத்தன். எவன்கிட்ட போய்ப் பேசுறது? பேச ஆளில்லாத இடத்துல சங்கம் எப்படி வளரும்? இதுதான் கேள்வி. நீ எழுதிட்டு வந்த தலைப்புல கேள்வியே இல்ல. வெறும் "உம்"தான் இருக்கு: தோற்றமும், வளர்ச்சியும், நெருக்கடியும்.

கேள்வி கிடைச்சாப் போதாது, அதுக்குக் காகிதமும் வேணும். பதிவான ஒவ்வொரு சங்கமும் வருசா வருசம் பதிவாளருக்குக் கணக்கு அனுப்பணும். உறுப்பினர் எத்தனை, வரவு எவ்வளவு, செலவு எவ்வளவுன்னு எல்லாம் அதுல வரும். பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போடு. முப்பது நாளைக்குள்ள பதில் தரணும்னு சட்டம் சொல்லுது. தரலேன்னா மேல்முறையீடு. வந்த கணக்கையும் அப்படியே நம்பிராத. உறுப்பினர் கணக்குல செத்தவனுக்கும் சந்தா வரவு வச்ச சங்கம் நாட்டுல உண்டு. எந்தச் சங்கம்னு கேக்காத, நான் இன்னும் டீக்கடைக்குப் போய் வரணும்.

அப்புறம் அந்தக் கேள்வித்தாள். எத்தனை பக்கம் அது? "தங்களின் மாத ஊதியம் யாது?" அவளுக்கு மாதமும் கிடையாது, ஊதியமும் கிடையாது. எத்தனை பின்னினாளோ அதுக்குக் கூலி. சாயங்காலம் பஸ் இறங்கிக் குழம்புக்குப் புளி கரைக்கிறவகிட்ட இதைக் குடுத்தீனா, எல்லாத்துக்கும் "ஆமா"ன்னு டிக் போட்டுட்டு ஒன்னைய அனுப்பி வச்சிருவா. ஃபோர்மேன் நிக்கிற இடத்துல கேட்டா, "எங்களுக்கு ஒரு குறையும் இல்ல"ம்பா. ஞாயித்துக்கிழமை போ. பேனாவை எடுக்காத, கூட உக்காந்து பூண்டு உரி. உரிக்க உரிக்க அவளே சொல்லுவா, போன வருசம் போனஸ் கேட்டு வாசல்ல நின்னப்ப முதல் அடி எடுத்து வச்சது யாருன்னு.

ஒண்ணு கவனம். சுருக்குறதுக்கும் அளவு இருக்கு. ஒரே ஆலை, ஒரே அறைன்னு சுருக்கிட்டேன்னு வையி, பேரை மாத்திப் போட்டாலும் அந்த நாலு பேரு யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுபோகும். ஒனக்குப் பட்டம் வரும், அவுகளுக்கு மறுநாள் பஸ் நிக்காது. ஒரு ஒன்றியம்னு நான் சொன்னது அதுக்குத்தான்.

ஆகக்கூடி என்ன வருது? எழுதிக்கோ: "வெம்பக்கோட்டை ஒன்றியப் பட்டாசு ஆலைகளில் உள்குத்தகையும் பெண் தொழிலாளர் கோரிக்கைகளும், 2012 முதல் 2021 வரை." முதலிப்பட்டி வெடிச்ச வருசத்துல ஆரம்பிச்சு அச்சங்குளம் வெடிச்ச வருசத்துல முடியுது. 2018 பூட்டு நடுவுல வருது. ஊரு இருக்கு, வருசம் இருக்கு, தொழிலாளி இருக்கா, சண்டை இருக்கு.

என்ன, முகம் சுண்டிப்போச்சு? ரொம்பச் சின்னதா இருக்கா? பெருசா எழுத ஆசைன்னா நோட்டீசு அடி, நானே வீடு வீடாக் குடுக்கிறேன். இதுக்குள்ள இறங்கிப் பாரு, மூணு வருசம் பத்தலைன்னு நீயே அழுவ. விசாரிச்சுக்கிட்டே போகையில, "முதலாளி யாருன்னு தெரியாது"ன்னு பத்துப் பேரு சொல்லுவாக. ஆராய்ச்சி தோத்துப்போச்சுன்னு மூட்டை கட்டிறாத. அந்தத் "தெரியாது"தான் ஒன் விடை.

தெரிஞ்சுச்சுன்னா, ஒன் பரிட்சைக்காரவுகளுக்குச் சொல்றதுக்கு முந்தி எங்களுக்கு வந்து சொல்லு. கோரிக்கை மனு எப்பவோ டைப் அடிச்சுத் தயாரா வச்சிருக்கோம். அனுப்புநர் போட்டாச்சு, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கியாச்சு. பெறுநர்ங்கிற இடம் மட்டுந்தான் இன்னும் காலியாக் கிடக்கு.