ஸ்ரீசைலத்து நீரும் கல்மண்டபத்துக் குடமும்

கேள்வி: ஸ்ரீசைலம் அணைக்காக ஆந்திரமும் தெலங்கானாவும் சச்சரவிட்டால் எங்கள் சென்னைக் கல்மண்டபத்துக்கு என்ன வந்தது?

பதில்: உங்கள் குடத்துக்கல்லவா வந்தது! மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று ராஜ்யங்களும் தலைக்கு 5 டி.எம்.சி. வீதம் சென்னையின் தாகசாந்திக்கென்று 1976-இல் மனமுவந்து அளிக்க இசைந்த கிருஷ்ணா ஜலம், ஸ்ரீசைலத்தில் புறப்பட்டு, போத்திரெட்டிப்பாடு மதகைக் கடந்து, சோமசிலா, கண்டலேறு நீர்த்தேக்கங்களில் தங்கி இளைப்பாறி, 1996-இல்தான் முதன்முதலாகச் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரிக்கு வந்து சேர்ந்தது. அந்த மதகில் நீர் ஏற அணையின் மட்டம் உயர்ந்து நிற்க வேண்டும். மின்சாரம் பிறக்கவோ அதே நீர் கீழே விழவேண்டும். விழுந்த நீர் நாகார்ஜுனசாகரத்துக்குப் போகுமேயன்றிப் பூண்டியின் திசையைத் திரும்பியும் பாராது. 2021-இல் தெலங்கானா தன் இடக்கரை நிலையத்தில் மின் உற்பத்தியைத் தொடர, ஆந்திரம் ஆட்சேபிக்க, அணைக்கட்டுகளில் போலீஸ் காவல் நின்றது. இருதரப்பு விவசாயிகளின் கஷ்டமும் மெய்யே. ஆயினும் மின்சாரத்தை நிலக்கரியை எரித்தும் பெறலாம். ஆகவே குடிநீருக்குரிய மட்டத்தைக் காத்த பின்னரே சக்கரங்கள் சுழலவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். கல்மண்டபத்துத் தாய்மார்கள் தண்ணீர் லாரிக்காகக் காத்து நிற்பதைக் கண்டவன் வேறெதைச் சொல்வான்?