எலிக்கும் உண்டு இடைநிலை

பகுபதத்துக்கு உறுப்பு ஆறு என்று பள்ளியில் படித்தோம். சிறுநீரக மாற்று வார்டில் ஏற்றும் பாசிலிக்சிமாப் என்ற மருந்தின் பெயருக்கு நான்கே போதும்: பாசி + லி + க்சி + மாப். ‘பாசி’ பகுதி, கம்பெனி வைத்தது, பொருள் தேட வேண்டாம். ‘லி’ சாரியை. நம் சாரியைக்குப் பொருள் கிடையாது. இதற்கு உண்டு, நோயெதிர்ப்பு மண்டலம். ‘மாப்’ விகுதி, மோனோகுளோனல் ஆன்டிபாடி. ‘க்சி’ இடைநிலை. தமிழில் இடைநிலை காலம் காட்டும். இங்கே பூர்வீகம் காட்டும். ‘ஓ’ வந்தால் முழு எலி, ‘க்சி’ வந்தால் எலியும் மனிதனும் கலந்தது, ‘சூ’ வந்தால் பெரும்பாலும் மனிதன், ‘உ’ வந்தால் முழு மனிதன்.

பூர்வீகம் எதற்கு என்று கேட்கலாம். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஆன்டிபாடி சுரக்கும் எலிச் செல்லை, சாகத் தெரியாத எலிப் புற்றுச்செல்லோடு இணைத்தார்கள். ஒரே வகை ஆன்டிபாடி ஓயாமல் சுரந்தது. அவ்வழியில் பிறந்த முரோமோனாப்புக்கு 1986-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மருந்துப் பெயர்களுக்கான இந்த இலக்கணம் எழுதப்படுமுன் வைத்த பெயர். ஆகவே எலி இடையில் ஒளியாமல் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ‘முரோ’ என்றாலே எலிதான்.

புதுச் சிறுநீரகத்தைத் தாக்கும் டி செல்களின் மீதுள்ள சிடி3 என்ற புரதத்தைப் பிடித்து அடக்குவது முரோமோனாப்பின் வேலையாக இருந்தது. தினம் 5 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். 1985-இல் வெளியான 123 பேர் ஆய்வில் நிராகரிப்பு 94 சதவீதம் பேருக்கு அடங்கியது, ஸ்டீராய்டில் 75. ஆனால் முதல் ஊசியிலேயே டி செல்கள் அடங்குமுன் கூச்சலிட்டன. நோயாளியைக் குளிரும் காய்ச்சலும் தூக்கிப்போட்டன. அதையும் பொறுத்துக்கொண்டால், கூடப் பிறந்தவரின் சிறுநீரகத்தையே ஒப்பாத உடம்பு எலியை ஒப்புமா? எலிக்கு எதிராகத் தனி ஆன்டிபாடி செய்தது. சமரசம் பேச வந்தவரையே வாசலில் மடக்கிவிட்டார்கள்.

எனவே எலியைக் குறைத்தார்கள். 1997-இல் டாக்லிசூமாப், 1998-இல் பாசிலிக்சிமாப். இரண்டும் விழித்தெழுந்த டி செல்லின் சிடி25-ஐ மட்டும் அடைக்கும். இலக்கணப்படி ‘சூ’ உயர்குடி. அதுதான் சந்தையை விட்டுப் போனது. கலப்பான ‘க்சி’ இன்றும் அறுவை நாளில் 20 மில்லிகிராம், நான்காம் நாள் 20 மில்லிகிராம் என்று வேலை பார்க்கிறது.

2017-இல் உலக சுகாதார நிறுவனம் பூர்வீக இடைநிலையை நீக்கியது. 2021-இல் விகுதியையும் நான்காகப் பிரித்தது. ஆகவே புதிய மருந்தின் பெயரைப் பார்த்து எலியா மனிதனா என்று டாக்டரைக் கேட்காதீர்கள். அந்தப் பெயரில் அது இல்லை.