எல்லாப் படத்தையும் ஒரேயடியாகத் தொலைப்பது எப்படி? கொஸ்லந்தை வட்டாரத்தாருக்கு ஓர் எளிய வழிகாட்டி

கலியாணப் படம், மகளின் சடங்கு வீடியோ, செத்துப்போன அப்பாயியின் குரல் என்று ஒவ்வொரு போனிலும் ஒரு குடும்பச் சொத்தே கிடக்கிறது. அதைக் கட்டிக் காப்பது பெரிய தொல்லை. தொலைத்துவிட்டால் நிம்மதி. இதற்குப் படிப்பும் வேண்டாம், பணமும் வேண்டாம். கீழே உள்ளபடி செய்தால் போதும். பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்திருப்பீர்கள்.

1. வாட்ஸ்அப்பையே பெட்டகமாக வைத்துக்கொள்ளுங்கள்

கொழும்பில் கடையில் நிற்கும் மகனும் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன தங்கச்சியும் அனுப்பும் எல்லாம் குடும்பக் குரூப்பிலேயே கிடக்கட்டும். எதையும் தனியே எடுத்து வைக்காதீர்கள். பிறகு ரீலோட் போடாமல் சிம்மைச் சாகவிடுங்கள். 120 நாள் தொடர்பே இல்லாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும். உங்கள் நம்பரும் நாளடைவில் வேறு யார் கைக்காவது போய்ச் சேரும். "பேக்கப் எடுத்திருக்கிறேனே" என்பவர்களும் கவலைப்பட வேண்டாம். கூகுள் டிரைவில் இருக்கும் அந்தப் பேக்கப்பை வாட்ஸ்அப்பால் மட்டுமே திறக்க முடியும். அதற்கும் பழைய நம்பர் வேண்டும்.

2. ஜிமெயிலைக் கடைத் தம்பியிடம் விட்டுவிடுங்கள்

புதுப் போன் வாங்கும்போது கொமினிகேஷன் கடையில் ஒரு கணக்குத் திறந்து தருவார்கள். பாஸ்வேர்ட் என்னவென்று கேட்காதீர்கள். கேட்டால் தம்பி சங்கடப்படுவார். அடுத்த போனுக்கு அடுத்த கணக்கு. இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கைப் படங்களோடு சேர்த்து அழித்துவிடும் வேலையை 2023 டிசம்பரில் கூகுள் தொடங்கியது. மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

3. இலவசத்தை நம்பிக் குடியேறுங்கள்

2021 ஜூன் 1 வரை கூகுள் போட்டோஸில் சாதாரணத் தரத்தில் எத்தனை படமும் இலவசமாக வைக்கலாம் என்றிருந்தது. எல்லோரும் பழகிய பிறகு கணக்குத் தொடங்கியது: மெயில், படம், டிரைவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. 2024இல் ஆண்ட்ராய்ட் போன்களின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதே கணக்கில் ஏறியது. நிரம்பிவிட்டால் மெயில்கூட வராது. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்கவும். ஒன்று மாதாமாதம் காசு கட்டுங்கள், இல்லையென்றால் படங்களை அழித்துவிடுங்கள்.

அடுத்தவர் இடத்தில் குடியிருக்கும் இந்த ஏற்பாடு தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புதிதல்ல. லயத்தில் சுண்ணாம்பு அடிக்கலாம், இஸ்தோப்பில் பூச்செடி வைக்கலாம். காம்பரா மட்டும் உங்களுடையதல்ல. ஒரு காலத்தில் வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் துரை எழுதித் தரும் துண்டு வேண்டும். இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்பதுதான் அதன் சாரம். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. இன்றைய துரைமார் அவ்வளவு கெட்டவர்கள் அல்ல. கூகுளில் 'டேக்அவுட்' என்றொரு வசதி உண்டு. பேஸ்புக்கிலும் உங்கள் தகவலைத் தரவிறக்க வழி உண்டு. கேட்டால் காசில்லாமல் தருகிறார்கள். ஆகவே கேட்காமல் இருப்பது மிக முக்கியம்.

4. காமன் கூத்தை லைவ் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்

மாசியில் ரதி மதன் ஆட்டத்தை பேஸ்புக் லைவில் விடுங்கள். கத்தாரில் இருப்பவரும் பார்த்து இதயக்குறி போடுவார். இன்னொரு போனில் பதிவு செய்துவிட வேண்டாம். 2025 பெப்ரவரி 19 முதல், லைவ் வீடியோக்களை 30 நாளோடு பேஸ்புக் நீக்கிவிடுகிறது. அடுத்த வருடம் புதிதாக வேடம் கட்டும் பையன் பழைய ஆட்டத்தைப் பார்த்துப் பழகலாம் என்று வந்தால், இதயக்குறி எத்தனை வந்தது என்று சொல்லி அனுப்புங்கள்.

5. காசு கொடுத்ததெல்லாம் சொந்தம் என்று நம்புங்கள்

2009 ஜூலையில் அமேசான், விற்ற புத்தகத்தை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அழித்தது. அதை அங்கே விற்பனைக்குப் போட்டவருக்கு உரிமை இல்லையாம். காசு திரும்பக் கிடைத்தது, புத்தகம் போனது. அழிக்கப்பட்டது எதுவென்று பார்த்தால், ஜோர்ஜ் ஓர்வெலின் '1984'. இந்த மாதிரி அனுபவம் வேண்டுமென்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் வலைத்தளத்தின் பக்கம் போகாதீர்கள். மலையக எழுத்துகளையும் அங்கே பிடிஎப்பாகத் தருகிறார்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் அதை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது.

6. நெட் எப்போதும் இருக்கும் என்று இருங்கள்

2018 மார்ச்சில் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் போராட்டத்தின்போதும் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. உங்கள் படம் உங்கள் கையில் இல்லை என்று உணர இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

7. பிரதி எடுத்தால் பக்கத்திலேயே வையுங்கள்

இதில் அரசாங்கமே முன்னோடி. 2023 ஓகஸ்டில் அரசாங்க முகில் சேவையை ஒரு வைரஸ் தாக்கிப் பூட்டியது. பேக்கப்பும் அதோடு பூட்டிக்கொண்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. சுமார் 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம்.

நம் ஊரில் இதைச் சொல்லும்போது கேலி நின்றுவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆட்களோடு பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் சுவரில் மாட்டிய படமும் புதைந்தன. காணாமல் போனவர்கள் முன்னூறு என்றும் இருநூறு என்றும் முதல் நாட்களில் சொன்னார்கள். பிறகு அந்தக் கணக்கு நாற்பதுக்குள் இறங்கியது. அந்தப் பள்ளத்தாக்கில் யார் யார் இருந்தார்கள் என்று உடனே சொல்ல ஒரு பட்டியல் கைக்கு வரவில்லை.

தொலைக்க விரும்புகிறவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

- வருடத்துக்கு ஒருமுறை டேக்அவுட் கேட்டு, வரும் பைலைப் பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ போடுவது.
- அதில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை பண்டாரவளையிலோ வெல்லவாயவிலோ இருக்கும் சித்தி வீட்டில், அதாவது இந்த மலைக்கு வெளியே வைப்பது.
- படங்களை ஜேபெக், பத்திரங்களைப் பிடிஎப் என்று எந்தப் போனும் திறக்கும் வடிவத்தில் வைப்பது.
- பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி வீட்டில் இன்னொருவருக்கும் காட்டுவது.
- முக்கியமான பத்துப் படத்தை ஸ்டூடியோவில் கழுவி எடுப்பது.
- புதிதாக எந்த ஆப்பில் சேரும்போதும், வெளியே வரும் வழி எங்கே என்று முதலில் பார்ப்பது.

இவற்றில் ஏதாவது இரண்டைச் செய்துவிட்டவர்களுக்கு இந்த வழிகாட்டி இனிப் பயன்படாது. பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அல்ல, தாளில்.