லைசென்ஸ் வாங்கிய காது

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு ரேடியோவுக்கென்று ஒரு லைசென்ஸ் புத்தகம் இருந்தது. தபாலாபீசில் வருடத்துக்கு 15 ரூபாய் கட்டினால் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்தித் தருவார்கள். பேசுவதற்கு அல்ல, கேட்பதற்கு! தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கியவர். வீட்டு வரி பாக்கி நிற்கலாம், ரேடியோ லைசென்ஸ் நிற்கக் கூடாது என்பார். இன்ஸ்பெக்டர் வருவாராம். லைசென்ஸையே ஒழித்த எண்பதுகள் வரை அந்த இன்ஸ்பெக்டரை நாங்கள் பார்த்ததில்லை.

வால்வு ரேடியோ திருகியவுடன் வாய் திறக்காது. சூடேற வேண்டும். அதற்குள் அம்மா காபியை ஆற்றிக் கொடுத்துவிடுவாள். 1967இலேயே புதுச்சேரிக்கு ஆகாசவாணி வந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டு முள் இலங்கையில்தான் நிற்கும், காலையில் 'பொங்கும் பூம்புனல்' தவறாது. அக்கா நேயர் விருப்பத்துக்குக் கார்டு போட்டுப் போட்டு ஓய்ந்த பிறகு ஒரு நாள் அவள் பெயர் வந்தது. கூடவே 'முத்தியால்பேட்டை' என்று இரண்டு விநாடி. எதிர்வீட்டு மாமி ஓடிவந்து, "நம்ம பேட்டையைச் சொன்னாங்கடி!" என்றார். எங்கள் ஊர் காற்றில் ஏற, கடல் தாண்டிக் கார்டு போக வேண்டியிருந்தது.

அலைவரிசை பொதுச்சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995இல் சொன்னது. சமுதாய வானொலி நடத்தக் கல்வி நிலையங்களுக்கு 2002இலும் தொண்டு நிறுவனங்களுக்கு 2006இலும் கதவு திறந்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004இல் தொடங்கிவிட்டது. பாம்பன் மீனவர்களுக்குக் 'கடல் ஓசை' இருக்கிறது. எங்களுக்குக் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து 'புதுவை வாணி', 107.8.

இப்போது கேட்க லைசென்ஸ் வேண்டாம். பேசத்தான் வேண்டும், அதையும் நிலையம் வாங்கி வைத்திருக்கும். நாம் போய்ப் பேசினால் போதும். ஆனால் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. தெருச் சாக்கடை பற்றி அரை மணி நேரம் பேசலாம், அதைச் செய்தி என்றுதான் சொல்லக் கூடாது. வீச்சு பத்துப் பதினைந்து கிலோமீட்டர். பெயர் புதுவை, காரைக்காலுக்கு எட்டாது. மாஹே, ஏனாம் கதையை விடுங்கள்.

பெரிய மார்க்கெட்டில் ஒரு நாள் ரெக்கார்டரோடு ஒரு மாணவி நின்றாள். மீன் விற்கும் அம்மாவிடம் விலைவாசி கேட்டாள். அந்த அம்மா வஞ்சிரத்துக்கு விலை சொன்னால் மூன்று தெருவுக்குக் கேட்கும். மைக்கைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னாத்தப் பேசறது பாப்பா" என்று கிசுகிசுத்தார். மாணவி அசரவில்லை, பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் மழைக்காலத்தில் ஒழுகும் கூரை, ஐஸ் விலை, வட்டிக்காரன், மருமகள் எல்லாம் வந்தது. மைக்கை அந்த அம்மாவே கையில் வாங்கிக்கொண்டார்.

"எப்போ வரும் தாயி?" என்று கேட்டார். நாளும் நேரமும் சொன்னாள். நானும் குறித்துக்கொண்டேன்.

அன்று வீடு முழுக்கத் தேடினேன். டிவி இரண்டு, போன் ஐந்து, ரேடியோ ஒன்றுகூட இல்லை. போனில் எஃப்எம் பிடிக்குமா என்று பேரனைக் கேட்டேன். "ரேடியோவா தாத்தா?" என்றவன், சிரிக்காமல் இருக்க நிஜமாகவே பாடுபட்டான்.

தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் மட்டும் பீரோவில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரான்சிஸ்டர் கிடந்தால் எஃப்எம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பேட்டரி போட்டு 107.8இல் வையுங்கள்.